‘வீசிங்தான், ஆஸ்துமா இல்லை!’ - உங்கள் சீட்டில் டாக்டர் எழுதும் ஒரு வார்த்தை எங்கெல்லாம் போகிறது தெரியுமா?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு கூட்டம் வடிந்தாலும் ஆடிக்காற்று அவ்வளவு சீக்கிரம் வடியாது. தெருப்புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டிவிட்டுத்தான் போகும். அந்தக் காற்றுக் காலத்தில் ஏதாவது ஒரு கிளினிக் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இப்படி ஒரு பேச்சு உங்கள் காதில் விழும்.

“பிள்ளைக்கு ராத்திரி பூரா இழுக்கு சார். நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிடுது.”

“போன மாசமும் இதுக்குத்தானம்மா வந்தீங்க? நெபுலைசர் வெச்சுப் பார்ப்போம்.”

“ஆஸ்துமாவா சார்? பொம்பளப் பிள்ளைல்லா...”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. லேசா வீசிங்தான்.”

அம்மாவுக்கு உயிர் வந்துவிடும். டாக்டரும் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிடுவார். சீட்டில் அவர் எழுதிய அந்த ஒற்றைச் சொல் மட்டும் அங்கேயே நிற்காது. அது ஒரு எழுத்தாக, எண்ணாக மாறி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அரசுப் புள்ளிவிவரத்துக்கும் போகலாம். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய் பாலிசி எடுக்கும் நாளில், எதிரே வந்து உட்காரவும் செய்யலாம்.

எனக்கும் சின்ன வயதில் இழுப்பு உண்டு. அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த என் பழைய ஃபைலைப் போன மாதம் புரட்டினேன். மூன்று வருடச் சீட்டுகளில் நான்கு பெயர்கள். ‘வீசிங்’, ‘பிராங்கைட்டிஸ்’, ‘எல்.ஆர்.ஐ.’, ‘அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்’. அதே டாக்டர், அதே நெஞ்சு. ‘ஆஸ்துமா’ என்ற சொல் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அதிலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி!

நாலு பேர் வைத்தால் என்ன, மருந்து ஒன்றுதானே என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எழுத்தும் எண்ணும்

உலகம் முழுக்க நோய்களுக்கு ஒரு பொதுக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. ஐ.சி.டி. என்பார்கள். 1893-ல் ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர், மரணக் காரணங்களை ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போட்ட பட்டியல்தான் இதன் மூதாதை. 1948-ல் இருந்து உலக சுகாதார நிறுவனம் இதைப் பார்த்துக்கொள்கிறது. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், நம்மூர் இன்ஷூரன்ஸ் கிளைம் படிவத்தில் இன்றும் கேட்பது ஐ.சி.டி-10 குறியீட்டைத்தான்.

அதில் ஆஸ்துமாவின் எண் ஜே45. அலர்ஜியால் வருவது ஜே45.0, அலர்ஜி இல்லாமல் வருவது ஜே45.1, இரண்டும் கலந்தது ஜே45.8. எந்த வகை என்று யாரும் எழுதவில்லை என்றால் ஜே45.9. நிற்காமல் தொடரும் கடுமையான ஆஸ்துமா தாக்குதலுக்குத் தனியாக ஜே46. புகைபிடிப்பவர்களுக்கும், வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் நின்றவர்களுக்கும் அதிகம் வருகிற சி.ஓ.பி.டி-க்கு ஜே44.

இப்போது என் ஃபைலை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்ப்போம். ‘வீசிங்’ என்று மட்டும் எழுதினால் அது நோயே கிடையாது, அறிகுறி. எண் ஆர்06.2. ‘எல்.ஆர்.ஐ.’, அதாவது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தொற்று என்றால், ஜே22. வெறும் ‘பிராங்கைட்டிஸ்’ என்று எழுதி, பிள்ளைக்கு 15 வயதுக்குள் என்றால், அதைத் திடீரென வந்த பிராங்கைட்டிஸாக எடுத்துக்கொண்டு ஜே20-ல் போடச் சொல்கிறது புத்தகம். நான்காவதுதான் வேடிக்கை. ஆஸ்துமா என்ற சொல்லுக்குப் பயந்து பல டாக்டர்கள் பூசி மெழுகி எழுதும் ‘அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்’ எங்கே வைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? ஜே45.0-க்குக் கீழே. அம்மா எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ, புத்தகத்தில் அந்தச் சொல்லின் கீழேயே மகன் போய் உட்கார்ந்துவிட்டான்!

ஆக, ஒரே இழுப்புக்கு நான்கு வெவ்வேறு எண்கள். இந்தச் சீட்டுகளையெல்லாம் வைத்து, ‘இந்த ஊரில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா?’ என்று ஒரு கம்ப்யூட்டர் எண்ணினால், என்னை எந்தக் கணக்கில் சேர்க்கும்?

டாக்டர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலோடு இழுப்பு வருவது சகஜம். அதில் பலருக்கு வளர வளர அது நின்றுவிடும். அந்த வயதில் ஆஸ்துமா என்று முத்திரை குத்தாமல் பொறுத்துப் பார்ப்பது தவறே இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, வருடா வருடம் ஆடியில் இழுப்பு வந்து, நெபுலைசர் வைத்ததும் சட்டென்று அடங்குகிறது என்றால், அப்போதும் ‘லேசா வீசிங்’ என்று சொல்வதில்தான் எனக்குச் சங்கடம்.

குறியீட்டை யார் போடுகிறார்கள்?

பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘எம்.ஆர்.டி.’ என்று ஒரு பிரிவு இருக்கும். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் ஃபைல்கள் அங்கே போகும். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்கள், டாக்டர் எழுதியதைப் படித்து எண் போடுவார்கள். சின்ன நர்சிங் ஹோமில் அதற்கெல்லாம் ஆள் ஏது? இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் தம்பியோ தங்கச்சியோதான் கூகுளில் தேடிப் போடுவார். டாக்டரின் கையெழுத்தில் ‘பி.ஏ.’ என்று இருந்தால் பிராங்கியல் ஆஸ்துமா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகை எழுதப்படவில்லை என்றால் .9 போட்டு முடித்துவிடுவார். நோயாளியைப் பார்க்காத ஒருவர், எழுதப்படாத ஒன்றை எப்படிப் போடுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மூரில் புற நோயாளிகளுக்குப் பெரும்பாலும் குறியீடு போடுவதே இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கவர் தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் சரி, தனியார் பாலிசியானாலும் சரி, முக்கியமாகப் பார்ப்பது அட்மிஷனைத்தான். ஆஸ்துமாவோ ஓ.பி. சீட்டிலும் மெடிக்கல் கவுன்ட்டரிலும் வாழ்நாளைக் கழிக்கும் நோய். ஊசி போட்டு, ஆவி வைத்து, மாத்திரை வாங்கி வீட்டுக்குப் போய்விடுகிற நூறு பேரும் கணக்கில் இல்லை. மூச்சு நின்றுவிடுமோ என்று ஆம்புலன்ஸில் ஏறிய ஒருவர் மட்டும்தான் கணக்கில் வருகிறார்.

பிழை எவ்வளவு?

இதைக் கனடாக்காரர்கள் உட்கார்ந்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒன்டாரியோ மாகாணத்தில், ஒவ்வொரு முறை நோயாளியைப் பார்க்கும்போதும் டாக்டர் அரசுக்கு பில் அனுப்ப வேண்டும். அதில் ஒரு நோய்க் குறியீடு இருக்கும். 2009-ல் ஓர் ஆய்வுக் குழு, டாக்டர்களின் ஃபைல்களைத் திறந்து, அந்தக் குறியீடுகள் எந்த அளவுக்கு உண்மை என்று ஒப்பிட்டது. இரண்டு வருடத்துக்குள் குறைந்தது இரண்டு முறை ஆஸ்துமா குறியீட்டோடு வந்தவர், அல்லது ஒரு முறையாவது ஆஸ்துமாவுக்காக அட்மிட் ஆனவர் - இவரை ஆஸ்துமா நோயாளி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் சோதித்த விதி. ஏன் இரண்டு முறை? முதல் முறை டாக்டர் சந்தேகத்தில் போட்டிருக்கலாம் இல்லையா, அதற்காக.

முடிவு இது. பெரியவர்களில் நிஜமாகவே ஆஸ்துமா உள்ள 100 பேரில் ஏறக்குறைய 84 பேரை அந்த விதி சரியாகப் பிடித்தது. ஆஸ்துமா இல்லாத 100 பேரில் 76 பேரைச் சரியாக விலக்கியது.

கேட்பதற்கு நல்ல மார்க் மாதிரி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு தெருவில் 1,000 பெரியவர்கள். அதில் 50 பேருக்கு ஆஸ்துமா என்று வைத்துக்கொள்வோம். அந்த 50-ல் 42 பேர் பட்டியலில் வந்துவிடுவார்கள். மிச்சமுள்ள 950 பேரில், நூற்றுக்கு இருபத்து மூன்றரை வீதம் தவறாக நுழைந்தால், அது 223 பேர்! பட்டியலில் மொத்தம் 265 பெயர்கள், நிஜ ஆஸ்துமா 42. இது வெறும் காகிதக் கணக்குதான், ஊருக்கு ஊர் எண் மாறும். ஆனால் ‘84 சதவீதம் துல்லியம்’ என்று யாராவது சொன்னால், ‘இல்லாதவர்களில் எத்தனை பேரை உள்ளே இழுத்தது?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கொஞ்சம் ஆறுதல். அங்கே குடும்ப டாக்டர்களின் கம்ப்யூட்டர் பதிவில், மழுப்பலாக இல்லாமல் துல்லியமான ஆஸ்துமா குறியீடு இருந்தவர்களை மட்டும் எடுத்து, அந்த டாக்டர்களிடமே விசாரித்தார்கள். 86 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே ஆஸ்துமா. எழுதுகிற சொல் தெளிவாக இருந்தால் குறியீடும் ஒழுங்காக வருகிறது.

சரி, டாக்டர் எழுதியதே தவறென்றால்? கனடாவில் பத்து நகரங்களில், ஐந்து வருடத்துக்குள் ‘உங்களுக்கு ஆஸ்துமா’ என்று டாக்டர் சொல்லியிருந்த 613 பெரியவர்களைத் திரும்பவும் பரிசோதித்தார்கள். ஊதிப்பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட், படிப்படியாக மருந்தை நிறுத்திப் பார்ப்பது என்று எல்லாம் செய்த பிறகு, 203 பேருக்கு ஆஸ்துமா இல்லை என்று முடிவானது. மூன்றில் ஒருவர்! அதில் 12 பேருக்கு வேறு தீவிரமான இதய, நுரையீரல் பிரச்னை இருந்தது. இத்தனை நாளும் அது ஆஸ்துமா என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 2017-ல் வந்த ஆய்வு இது.

நம்மூர்க் கதை நேர் எதிர். உலக ஆஸ்துமா வலையமைப்பு, இந்தியாவில் ஒன்பது இடங்களில் பிள்ளைகளையும் பெற்றோரையுமாக 1,27,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. அதில், இழுப்பு இருக்கிறது என்று சொன்னவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவே இல்லை. கடுமையான அறிகுறிகள் இருந்தவர்களிலேயே 70 சதவீதம் பேர் அப்படித்தான். அங்கே இல்லாதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள், இங்கே இருப்பவர்களே பட்டியலுக்கு வரவில்லை.

பெயர் வராவிட்டால் மருந்தும் வராது. ஆஸ்துமாவுக்கு முக்கிய மருந்து, தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்குவது அதுதான். ‘வீசிங்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு டெரிபிலின் ஊசியும், ஆவியும், சளி மருந்தும் கிடைக்கும். அடுத்த தடவை இழுக்கும்போது மறுபடி அதே பெஞ்ச்.

ஒரே கட்டத்தில் மூன்று நோய்

இப்போது உங்கள் பர்ஸுக்கு வருவோம். கேஷ்லெஸ் சிகிச்சைக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் படிவத்தில், பழைய நோய்கள் என்ன என்று ஒரு பட்டியல் உண்டு. சர்க்கரை, பி.பி., இதய நோய் என்று தனித்தனி வரிகள். மூச்சு விஷயத்துக்கு வரும்போது ஒரே வரி: ‘ஆஸ்துமா / சி.ஓ.பி.டி. / பிராங்கைட்டிஸ்’. எப்போதிலிருந்து என்று மாதம், வருடம் கேட்டிருக்கும். போன வாரம் வந்த நெஞ்சுச்சளியும், முப்பது வருட பீடிப் புகையால் வந்த நோயும் அந்த ஒரே வரியில்தான் டிக் ஆக வேண்டும்.

அட்மிஷன் பரபரப்பில் டியூட்டி டாக்டர் கேட்பார், “முன்னாடியே இழுப்பு உண்டா?” கூட வந்த அத்தையோ மாமாவோ முந்திக்கொண்டு, “சின்னப் பிள்ளையிலேயே உண்டு சார்” என்பார். கேஸ் ஷீட்டில் ‘சிறு வயது முதல் ஆஸ்துமா’ என்று ஏறிவிடும். பிறகு கம்பெனியிலிருந்து கேள்வி வரும்: “பாலிசி எடுக்கும்போது ஏன் சொல்லவில்லை?”

இதில் விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின்படி, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டறிந்தது, அல்லது அந்தக் காலத்துக்குள் அதற்காகச் சிகிச்சை எடுத்தது, எடுக்கச் சொல்லப்பட்டது. அப்படி இருந்தாலும் அதிகபட்சக் காத்திருப்பு 36 மாதங்கள்தான். முன்பு 48 ஆக இருந்தது. ஆகவே ஏழு வயதில் இழுப்பு வந்து, பத்து வயதில் நின்று, முப்பது வயதில் பாலிசி எடுத்தவருக்கு, அந்தப் பழைய இழுப்பு இந்த வரையறைக்குள் வராது. இப்போது இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருப்பவர் அதை மறைத்துப் பாலிசி எடுக்கக் கூடாது. மறைத்தால் பின்னால் கிளைம் போட்டி போடும்போது உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது.

திங்கட்கிழமை நெஞ்சு

சங்கரன்கோவில் என்றால் கோமதி அம்மனும் புற்றுமண்ணும் எப்படியோ, அப்படி விசைத்தறிச் சத்தமும். பக்கத்தில் ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள். பஞ்சும் நூலும் சோறு போடும் வட்டாரம் இது. எனக்கு இந்தக் குறியீட்டு விஷயத்தில் மிகவும் உறுத்துவது இங்கேதான்.

பருத்தித் தூசியைப் பல வருடம் சுவாசித்தால் பிஸினோசிஸ் என்ற நோய் வரலாம். பஞ்சைப் பிரிக்கிற புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாக இருப்பார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதனில் குறைந்துவிடும். ஆரம்பத்தில் இப்படி. வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்.

ஐ.சி.டி-யில் இதற்குத் தனி எண் இருக்கிறது, ஜே66.0. இந்த எண் முக்கியம். ஏனென்றால், 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் பிஸினோசிஸ் இடம்பெற்றிருந்தது. ஆஸ்துமா என்று பொதுவாக எழுதினால் அது உங்கள் உடம்பு வாகு. பிஸினோசிஸ் என்று எழுதினால் அது வேலை தந்த நோய், இழப்பீடு கேட்க முடியும்.

அந்தச் சொல் சீட்டில் வர வேண்டுமென்றால், “என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமா, எந்தக் கிழமை அதிகமா இருக்கு?” என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். காலை ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது? கேட்காவிட்டால் ஜே45.9. பீடி குடிக்கிற அண்ணாச்சி என்றால் யோசிக்காமல் ஜே44. ஜே66.0 என்று பதிவே ஆகாத ஊரில், புள்ளிவிவரத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு பிஸினோசிஸ் இல்லாத ஊராகத்தான் அது தெரியும். இல்லாத நோய்க்கு யார் மில்லுக்குள் போய் தூசி அளப்பார்கள்? வீட்டோடு தறி போட்டுக் கூலிக்கு நெய்பவருக்கு இ.எஸ்.ஐ. கார்டும் இருக்காது, கேட்டு எழுதி வைக்க ஓர் இடமும் இருக்காது.

மரணத்திலும் இதே கதைதான். 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் சான்றளித்த காரணம் இருந்தது. அந்தச் சான்றிலும் ‘இதயமும் மூச்சும் நின்றுவிட்டது’ என்று எழுதிவிட்டால் போச்சு. எல்லோருக்கும் கடைசியில் நிற்பது அவைதானே!

நீங்கள் என்ன செய்யலாம்?

டாக்டரிடம், “சார், சீட்டுல டயக்னோசிஸ் என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. அடிக்கடி இழுப்பு வருகிறதென்றால், “இது ஆஸ்துமாவான்னு உறுதி பண்ண ஊதிப்பார்க்கிற டெஸ்ட் எடுக்கலாமா?” என்று நீங்களே கேளுங்கள். ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே ஊதிவிடுவார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு மருந்துக்குப் பிறகு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான ஆதாரம். ஒரு நாள் ஊதியதில் கூடவில்லை என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது, இழுப்பு இருக்கிற நாளில் திரும்ப எடுக்கச் சொல்லலாம். சங்கரன்கோவில்காரர்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவு பஸ் ஏறிப் போகிற தூரம்தான். அந்த ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்யாவிட்டாலும் ஒரு ஜெராக்ஸாவது வீட்டில் இருக்கட்டும்.

மில்லில், தறியில், பஞ்சு குடோனில் வேலை என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்லுங்கள், வருடத்தைச் சொல்லுங்கள், திங்கட்கிழமைக் கணக்கைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பாராவைப் படியுங்கள். ‘சிறு வயது முதல்’ என்று இருந்தால், அது சரிதானா என்று பாருங்கள். தவறென்றால் அங்கேயே டாக்டரிடம் சொல்லித் திருத்தி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வீட்டுக்குப் போய் கிளைம் ரிஜெக்ட் ஆன பிறகு திருத்தினால், கம்பெனி அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பழைய ரெக்கார்டு வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதற்குப் பிறகு மிச்சமிருக்கப்போவது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ஃபைல் மட்டும்தான்.